மூலப்பொடி பற்றி நான் எழுதிய செய்தி

மூலத்துக்குப் பொடி கொடுக்கும் வைத்தியர் ஒருவரைப் பற்றி ஒருமுறை எங்கள் பேப்பரில் செய்தி எழுதினேன். புத்தலப்பட்டு சாலையில் வேறு வேலையாகப் போனபோது கண்ணில் பட்ட இடம். வரிசையில் நின்ற இரண்டு பேரைக் கேட்டேன். குணம் தெரிகிறது என்றார்கள். குணமாகாதவர்கள் திரும்பி வந்து வரிசையில் நிற்க மாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நகரியில் விசைத்தறி ஓட்டும் என் தங்கை கணவர் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருந்தார். மலத்தில் ரத்தம் வந்தபோது யாரிடமும் சொல்லாமல் அங்கே போயிருக்கிறார். எட்டு மாதம் பொடி. ரத்தம் சில வாரம் நிற்கும், மறுபடி வரும். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்த பிறகுதான் தங்கை எனக்குப் போன் செய்தாள்.

நான் அவரைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே மருத்துவர் முதலில் ஆசனவாயில் விரலை விட்டுத்தான் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு மாதத்தில் யாரும் செய்யாத பரிசோதனை அது. பிறகு குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். ஸ்கேனும் முடிந்தபின் மருத்துவர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். மலக்குடலில் புற்றுநோய். குடல் சுவரைத் தாண்டியிருக்கிறது, ஈரலுக்குப் போகவில்லை. முதலில் கதிர்வீச்சும் மாத்திரையும், கட்டி சுருங்கியபின் ஆபரேஷன். மலம் போக வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம். உடனே ஆரம்பித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

வெளியே வந்ததும் தங்கை கணவர் ஆஸ்பத்திரி பைலை என் கையில் திணித்தார்.

"பையைக் கட்டிக்கினு தறிகிட்ட நிக்கவா? ஷெட்டே சிரிக்கும். நான் பொடியே துன்னுக்கிறேன் மச்சான்."

"பொடியால ஒண்ணும் ஆவல மாப்ள."

"ஆவுதுன்னு பேப்பர்ல போட்டது நீதான?"

"நான்தான். ரெண்டே பேரைக் கேட்டுட்டுப் போட்டேன். அந்த ஆளு யாரையாவது சோதிச்சுப் பாத்தானான்னு கேக்கல. தப்பு என்னுது."

அவர் நகரி பஸ்ஸில் ஏறி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். கதிர்வீச்சுக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வருவாரா என்று தங்கைக்கும் தெரியவில்லை.

திங்கள் காலை திருப்பதி பஸ் நிலையத்தில் நின்றேன். மூன்றாவது பஸ்ஸில் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் இறங்கினார். கன்னம் ஒட்டிய ஆள்.

"எதிர் தறிக்காரன்," என்றார் என்னைப் பார்க்காமல். "நான்தான் பொடிக்கு அனுப்பினேன். இவனுக்கும் ரத்தம் போவுது. ஆஸ்பத்திரில முதல்ல இவனுக்குச் சீட்டு போடு."