எங்களுக்கு வேற நாள்

பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயந்துகொண்டு வருகிறவர்களைப் பேச்சுக்கொடுத்தே சிகிச்சை நாற்காலிவரை நடத்திவிடுவாள். ஊருக்கே பண்டிகை வரும் மாதத்தில் மட்டும் அவளோடு தகராறு. வாழ்த்துச் சொல்கிறவர்களிடம், "சந்தோஷமா கொண்டாடுங்க. எங்களுக்கு வேற நாள்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட, அது எந்த நாள் என்று கேட்டதில்லை.

இந்த வருஷம் மீசைக்காரர் ஒருவர் டாக்டரம்மாவிடம் புகார் செய்துவிட்டார். கடைவாய்ப் பல்லோடு மாதக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர். வாழ்த்தினால் மூஞ்சியில் அடித்த மாதிரிப் பேசுகிறாளாம்.

"உங்களுக்கும்னு ஒரு வார்த்தை. சொன்னா பல்லா கொட்டிடும்?" என்றார் டாக்டரம்மா.

"கொட்டினா நீங்க கட்டிவிட மாட்டீங்களா டாக்டர்?"

"வெளையாடாதீங்க. சொல்ல முடியலைன்னா உள்ள போய்க் கருவி கழுவுங்க."

அக்கா மேசை டிராயரிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டில் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்றேன் அண்ணி. எனக்கென்ன குறைஞ்சுபோச்சு?"

"உனக்குக் குறையலைன்னா சொல்லு, நானா வேண்டாங்கறேன். எனக்குக் குறையுது. நம்ம வீட்டுல இல்லாத விசேஷத்தை இருக்குன்னு ஏன் தலையாட்டணும்?"

"ரிசப்ஷன் நாற்காலி போச்சே."

"போகட்டும்."

கழுவும் அறையில் மருந்துத் தண்ணீர் பட்டு விரல் உரிந்தது. வெளியே போன் அடித்துக்கொண்டே இருக்கும். நோயாளியை வாயைப் பிளந்தபடி விட்டுவிட்டு டாக்டரம்மா கையுறையோடு ஓடுவார்.

அக்காவின் நாளும் வந்தது. லீவு கிடையாது. புதுசு உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். கழுவிய கருவிகளைத் தட்டில் எடுத்துப்போனபோது, வாய் நிறையப் பஞ்சோடு மீசைக்காரர் அண்ணாந்து கிடந்தார்.

"இன்னைக்கு எங்களுக்குப் பண்டிகை சார். வாழ்த்துகள்."

மீசை மட்டும் அசைந்தது.

"அவசரமில்ல சார். பஞ்சை எடுத்ததும் சொல்லுங்க."

டாக்டரம்மா மாஸ்குக்கு மேலே முறைத்தார்.

வேலை முடிந்து எழுந்த மீசைக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பாதி முகம் மரத்திருந்ததால் வார்த்தை கோணிக்கொண்டு வந்தது. "நமக்கு அதெல்லாம் இல்லையேம்மா. நீங்க நல்லா கொண்டாடுங்க."

அதில் தப்பிருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

"ரொம்பச் சந்தோஷம் சார்" என்றாள் அக்கா. பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா டாக்டர்? நானும் இதைத்தான் சொன்னேன். சார் சொன்னா மரியாதை, நான் சொன்னா திமிரா?"

மீசைக்காரர் குனிந்து செருப்பைத் தேடினார். அது காலடியிலேயே கிடந்தது.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ரிசப்ஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. டாக்டரம்மா வாசற்படியில் நின்று கையுறையைக் கழற்றினார். என்ன நினைத்தாரோ, மறுபடியும் மாட்டிக்கொண்டார். போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்களேன்" என்றார் கடைசியில்.

"அடுத்த வருஷமும் அதேதான் சொல்லுவேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு எடுத்தாள்.