பந்தயத்துக்குப் பிறந்த வண்டியும் தென்னூர் சிக்னலும்

செருப்பு விற்பவருக்குக் காலின் அளவு தெரிந்தால் போதும். இத்தாலிய ஸ்போர்ட்ஸ் பைக் விற்பவருக்கு வாங்குபவரின் இடுப்பு, மணிக்கட்டு, முழங்கால், குடும்பம், தலைக்கனம் எல்லாவற்றின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். தென்னூர் சிக்னலை ஒட்டிய ஒரு ஷோரூமில் ஆறு வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். பெயர் சுமதி. உண்மையைச் சொன்னால் மேனேஜரிடமும், சொன்னதைக் கேட்காமல் வாங்கிப்போனவர்களிடமும் திட்டு வாங்கும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

றெக்கை எதுக்கு?

புது மாடல் வந்து இறங்கியது. முன்பக்கம் இரண்டு புறமும் சின்னச் சின்ன றெக்கைகள். ஒரு கான்ட்ராக்டர் வந்து அதைத் தட்டிப் பார்த்து, "இது எதுக்கும்மா, அழகுக்கா?" என்றார். எனக்குப் பிடித்த கேள்வி. பந்தயத்தில் முழு வேகம் கொடுத்தால் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும், காற்று இந்த றெக்கையில் மோதி அதை அமுக்கிப் பிடிக்கும், அங்கே ஜெயித்ததால்தான் ரோட்டு வண்டிக்கும் வந்தது என்று வரைந்தே காட்டினேன். அவர் பார்வை முழுக்க என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டிருந்தது. கடைசியில், "சரிம்மா, விவரம் தெரிஞ்ச ஆளு யாராவது இருந்தாக் கூப்பிடுங்க" என்றார்.

எனக்குக் காது சுட்டது. சர்வீஸ் பக்கம் போய் எங்கள் தலைமை மெக்கானிக் ஜாகிர் பாயைக் கூட்டி வந்தேன். அவரிடமும் அதே கேள்வி. பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "எனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே இந்த மேடம்தாங்க."

உத்திர வீதியில் ஒரு திருப்பம்

ஸ்ரீரங்கத்து சம்பத் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்பவர். இந்த வண்டியின் ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கும், கொஞ்சம்தான் திரும்பும், பந்தயப் பாதையில் யாரும் யூ-டர்ன் அடிப்பதில்லை, உங்கள் தெருவில் கஷ்டப்படுவீர்கள் என்று வாங்குமுன்பே சொன்னேன். "ஓட்டிண்டே இருந்தா பழகிடும்" என்றார்.

மூன்றாம் நாள் போன். "உடனே வாங்கோ." போனால், வண்டி உத்திர வீதிக்குக் குறுக்கே நிற்கிறது. முன்னால் பூ வண்டி, பின்னால் ஆட்டோ. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. ஆட்டோக்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. சம்பத் என்ன செய்தார் தெரியுமா? வேடிக்கை பார்த்த அத்தனை பேருக்கும் என்னைக் காட்டி, "இவங்கதான் வித்தாங்க" என்றார்! நானும் ஆட்டோக்காரரும் பின்சக்கரத்தைப் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தித் திருப்பினோம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அப்பா, பெருமாள் சந்நிதியில் பிரபந்தம் சேவிப்பவர், என்னிடம் கேட்டார்: "ஏம்மா, பெருமாள் எழுந்தருளற அவ்ளோ பெரிய தேரையே முட்டுக்கட்டை போட்டு நாலு வீதியும் திருப்பிடறோம், இதுக்கு மட்டும் என்ன அவ்ளோ கர்வம்?"

பின்சீட்டு

பந்தயத்தில் ஒருவர்தான் போவார். அதனால் பின்சீட்டு என்பது இந்த வண்டியில் ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். "கேட்டா வசதியா இருக்கும்னு சொல்லு" என்பது மேனேஜரின் உத்தரவு. புக் பண்ண வந்த ஒருவர் மனைவியிடம், இதில் இரண்டு பேரும் கொடைக்கானல் போகலாம் என்று ஆசை காட்டிக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா நேராக என் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, நான் இதுல கொடைக்கானல் போக முடியுமா?" என்றார். மணப்பாறை வரை கூட முடியாது என்றேன். மேனேஜர் கண்ணாலேயே என்னை எரித்தார். அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார்: "ஏங்க, இது நான் உட்காரவா, இல்ல உங்க டிபன் பாக்ஸ் வைக்கவா?"

வையம்பட்டிக்காரர்

வேட்டி கட்டி, காலில் செம்மண்ணோடு ஒருவர் உள்ளே வந்தார். வையம்பட்டியில் விவசாயமாம். மேனேஜர் என்னிடம் மெதுவாக, "சும்மா பார்க்க வந்திருக்கார், நேரத்தை வீணாக்காதே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அவர் றெக்கையையும் பார்க்கவில்லை, சிவப்பு பெயின்டையும் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து பின்சக்கரத்தையே பார்த்தார். "சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும்தான் இரும்புக் கை பிடிச்சிருக்கு, ஏன்?" நெடுந்தூரப் பந்தயத்தில் சட்டென்று சக்கரம் மாற்ற வசதியாக வந்த ஏற்பாடு என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அங்க மாத்தறதுக்கு ஆளுங்க தயாரா நிப்பாங்க. எங்க ஊர்ல பஞ்சரானா இந்தப் பெரிய நட்டைக் கழட்டற ஸ்பேனர் யாருகிட்ட இருக்கும்?" யாரிடமும் இருக்காது என்று ஒத்துக்கொண்டேன். அதற்குள் மேனேஜர் வந்து, "நீங்க வாங்கப் போறீங்களா?" என்றார். அந்தத் தொனியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இல்லீங்க. வாங்கினவங்க கேக்காம விட்டதைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கண்ணாடி

எங்களிடம் வண்டி எடுத்த ஒரு பல் டாக்டர், முதல் சர்வீஸுக்கு வந்தபோது இரண்டு பக்கக் கண்ணாடியையும் கழற்றச் சொன்னார். பந்தய வண்டிக்குக் கண்ணாடி கிடையாதாம், அப்போதுதான் 'ஒரிஜினல் லுக்' வருமாம். "டாக்டர், அங்க எல்லாரும் ஒரே பக்கம் போறாங்க, பின்னால பஸ் வராது" என்றேன். சிரித்தார். மேனேஜர், "கஸ்டமர் கேட்டா செய்யணும்" என்றார். ஜாகிர் பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "வேற யாரையாவது வச்சுக் கழட்டிக்கங்க. என் கையால மாட்டேன்." ஜாப் கார்டில் 'செய்ய மறுத்தோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்காக எனக்கு ஒரு மெமோவும் வந்தது.

டாக்டர் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் கழற்றிக்கொண்டார். அதே மாதம் காவிரிப் பாலத்தில், முன்னால் போன ஆட்டோவை முந்த வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறார். பக்கத்தில் ஏற்கெனவே பஸ் வந்துவிட்டது. பஸ் டிரைவர் சட்டென்று பிரேக் அடித்ததால் உயிர் தப்பியது. தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் உடைந்தன. பல் பிடுங்கும் கை! கூடியவர்கள் டிரைவரைத்தான் அடிக்கப் போனார்களாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தவரைப் பார்த்ததும் தலையணையைத்தான் சரிசெய்து வைத்தேன். கூட வந்திருந்த பாய், "அல்லா காப்பாத்தினான்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "அன்னிக்கு நீங்க இன்னும் கொஞ்சம் கோபமாச் சொல்லியிருக்கலாமே, மேடம்."

எங்கோ இத்தாலியில் யாரோ ஜெயித்த பந்தயத்துக்கு இன்றுவரை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது தென்னூரில் நான்தான்.