கண்ணில் வைத்த சந்தனம்

தாத்தா இறந்த அன்று அந்தப் படியேறும் நாற்காலியை ஏன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். பெரியவள் வாய்விட்டுக் கேட்டாள். சின்னவன் பல நாள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்து கேட்டான். அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் கோர்வையாக வரும் என்று நினைத்து எழுதுகிறேன். நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா மாடியில் அடைபட்ட கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். ஆலங்குளம் ரோட்டில் பைக்கோடு நாங்கள் விழுந்ததில் அவளுக்கு முதுகெலும்பு போனது. எனக்கு முழங்கை சிராய்த்ததோடு சரி. ஆபரேஷன் செய்து, முதுகில் கம்பி வைத்து, சக்கர நாற்காலியோடு தென்காசிக்கு வந்து சேர்ந்தோம். நம் வீடோ மாடி. குறுகலான படி, நடுவில் ஒரு திருப்பம், மேலே கூரையும் கிடையாது. கீழ்வீடு தேடித் தெருத்தெருவாக அலைந்தேன். சக்கர நாற்காலி என்றதும், "இப்பதான் டைல்ஸ் போட்டிருக்கு, பாத்துச் சொல்லுதேன்" என்று எல்லோரும் பேசி வைத்தாற்போல் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போக, அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து உங்கள் மாமாவும் நானும் தெருக்காரர்களும் தூக்கி இறக்கினோம். சாரல் விழுந்துகொண்டிருந்த காலம். திருப்பத்தில் மாமாவுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து அவள் படியில் உருண்டாள். முதுகுக் கம்பி விலகிவிட்டது. மறுபடியும் ஆபரேஷன். இன்னொரு தடவை விழுந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பலகையோடு சேர்த்துக் கட்டி, பலகையை நிமிர்த்தித்தான் அவளை மேலே கொண்டுவந்தார்கள். அன்று அவள் போட்ட சத்தம் கீழ்க் கடை வரைக்கும் கேட்டது. கட்டிலில் படுத்ததும் சொன்னாள்: "இனி என்னைய யாரும் தூக்கப்படாது. பொணமானப் பெறவு தூக்குங்க."

அதற்குப் பிறகு மாடிக் கைப்பிடிச் சுவரில் நான் மாட்டிக் கொடுத்த கப்பியும் வாளியும்தான் அவளுக்கும் தெருவுக்கும் இருந்த தொடர்பு. காய்கறி வண்டி வந்தால் வாளியை இறக்குவாள். "ஏ தம்பி, அழுகத் தக்காளியப் போட்டேன்னு வையி, அடுத்த வாட்டி வாளியில கல்லுதான் வரும்" என்று மேலிருந்தே மிரட்டுவாள். தெருவே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். வண்டி போன பிறகு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு இருப்பாள்.

நான் வேலை பார்க்கும் பட்டறை குற்றாலம் ரோட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் செய்கிற இடம். முதலாளி பல வருஷம் வளைகுடாவில் இருந்தவர். அங்கே பார்த்ததை வைத்து, மோட்டாரில் படியேறும் நாற்காலி ஒன்றை இங்கே செய்ய ஆரம்பித்தார். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் பல் வைத்த ரப்பர் பெல்ட், புல்டோசரில் இருக்குமே, அந்த மாதிரி. முன்பக்கம் சின்னதாக ஒரு கண்ணாடிக் கண். அந்தக் கண் படியின் விளிம்பைப் பார்த்தால், நாற்காலியைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கை நீளும். சமதரை என்று பார்த்தால் கை மடங்கிக்கொள்ளும். இதை அம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து, சாயங்காலம் நான் கேட்டைத் திறப்பதற்குள் மேலிருந்து குரல் வரும்: "என்ன, ஒங்க நாற்காலி இன்னைக்கு ஏறுச்சா, எறங்குச்சா?"

ஆனால் செய்தவுடன் ஆளை உட்கார வைத்துவிட முடியாது. அது மருத்துவக் கருவி. அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு முன்னால் வெளியூர்ச் சோதனைக் கூடம் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் நாங்களே சோதித்து எழுதித் தர வேண்டும். இதற்காக முதலாளி வாசுதேவநல்லூர்க்காரப் பெண் ஒருத்தியைக் கூட்டிவந்தார். இன்ஜினியர். அனுமதி வரும் வரைக்கும் நாற்காலியில் மனுஷர் யாரும் உட்காரக் கூடாது என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். சாக்கில் மணல் அடைத்து உடம்பு தனி, கால் தனி, தலை தனி என்று ஓர் ஆள் செய்தோம். என் பழைய சட்டை ஒன்றை அவனுக்குப் போட்டுவிட்டோம். பட்டறையில் கட்டிய படியில் அவனை ஏற்றி இறக்குவதுதான் என் வேலை. பாதிப் படியில் பேட்டரியைப் பிடுங்குவோம், நாற்காலி அப்படியே நிற்க வேண்டும். குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர் கேட்டிருந்ததால், அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய்க் காலோடு மிதிக்கிற மாதிரி படியில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தோம். பெல்ட் வழுக்கவில்லை.

ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்து, இந்த நாற்காலியில் என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள் அந்தப் பெண். கடைசியில் வெல்டர் அண்ணாச்சிதான் பேசினார்.

"ஏம்மா, வெளக்கு வைக்குத நேரத்துல ஆள் விழுவான், மண்ட ஒடையும்னு எங்க வாயால சொல்லச் சொல்லுதியே. நல்ல வார்த்தையாக் கேளேன்."

"நீங்க சொல்லலன்னா அது விழாம இருக்குமா அண்ணாச்சி?"

"சொன்னா கண்டிப்பா விழும்!"

முதலாளியும் சிரித்துக்கொண்டே, "இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக்கோம்மா" என்றார்.

"அப்படி எழுதிக் குடுத்தா சோதனைக் கூடத்துல சிரிப்பாங்க முதலாளி."

போல்ட் தளரும், பெல்ட் தேயும் என்று எங்கள் நாக்குக்குக் கூசாத சின்னச் சின்னக் கேடுகளைச் சொன்னோம். அந்தக் கண்ணை ஏதாவது மறைத்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்கும் தோன்றவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் பொரியும் கடலையும் முதலாளி வாங்கித் தருவார், பொட்டு வைப்பது நாங்கள். அன்று காலையில் அம்மா மடியில் கல்லை வைத்துச் சந்தனம் அரைத்து ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தாள். "இது நாற்காலிக்கு மட்டும். மத்த மிஷினுக்கெல்லாம் கடைச் சந்தனம் போதும்" என்றாள். நாற்காலிக்கு நெற்றி என்று சொன்னால் அந்தக் கண்ணாடிக்கு மேலே இருக்கிற தகடுதான். அங்கே நிறையவே வைத்தேன். ஈரச் சந்தனம் வழிந்து இறங்கி, லீவு முடிவதற்குள் கண்ணிலேயே காய்ந்துவிட்டது. நாற்காலியின் மஞ்சள் பெயிண்டோடு மஞ்சள் சந்தனம் கலந்துபோனது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

லீவு முடிந்து மணல் ஆளை இறக்கினோம். முதல் படிக்கு வந்ததும் இரும்புக் கை நீளவே இல்லை. நாற்காலி குப்புறப் போனது. வார் போட்டிருந்ததால் அவன் நாற்காலியை விட்டு விழவில்லை. நாற்காலியோடு சேர்ந்து விழுந்தான். தலைச் சாக்கு சிமெண்டுத் தரையில் பட்டு வெடித்து, மணல் படி முழுக்கக் கொட்டியது. என் சட்டை அவன் மேல் இருந்தது. அதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவுக்கெல்லாம் அந்தக் காட்சிதான் காரணம்.

இன்ஜினியர் பெண் கண்ணாடியை விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். "சந்தனம்" என்றாள். கோபப்படவில்லை. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினோம். பூப்போல இறங்கியது.

"தொடச்சாச்சுல்லா, தீந்துது" என்றார் அண்ணாச்சி.

"தீரல அண்ணாச்சி. கண்ணு தெரியலன்னா அது நிக்கணும். இது தெரியலன்னா தரைன்னு நெனைக்கு. மழைத்தண்ணி பட்டாலும் அப்படித்தான் நெனைக்கும்."

வேலை மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். "நான் அரைச்ச சந்தனத்துக்கு அவ்வளவு சக்தியா?" என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "தல ஒடஞ்சுதா?" என்று கேட்டாள்.

"ஒடஞ்சுது."

சந்தனக் கல்லைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

நாற்காலிக்குள் இருக்கிற கோளாறைச் சரிசெய்து முடிப்பதற்குள், அம்மாவைப் பெற்ற தாத்தா தென்காசி ஆஸ்பத்திரியில் போய்விட்டார். நல்ல மழை நாள். மாமா நனைந்தபடி பட்டறைக்கு வந்தான்.

"அத்தான், வண்டி ஆஸ்பத்திரியில இருந்து கெளம்பப் போவுது. ஆலங்குளம் வீட்டுக்குப் போற வழியில அக்காவ ஏத்திக்கிடணும். அந்த நாற்காலிய எடுங்க."

முதலாளி தாமதிக்கவே இல்லை. "எடுத்துட்டுப் போ. வேன் தாரேன். பெத்த தகப்பன் முகத்தப் பாக்க எதுக்குச் சட்டம்?" என்றார். நல்ல மனசில் சொன்னார். இன்ஜினியர் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் நாற்காலிக் கண்ணைத் துடைத்தேன். சார்ஜ் பார்த்தேன். வேனில் ஏற்றத்தான் தள்ளினேன். வாசலுக்கு வந்ததும் சாரல் தெறித்துக் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக நீர் நின்றது. மூலையில் தலையைத் தைத்து வைத்திருந்த மணல் ஆள் கிடந்தான். கூரையில்லாத நம் படி நினைவுக்கு வந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"எது வேண்டாம்?"

"விழுந்தா இதுவும் சேந்து அவ மேல விழும்லே."

"நல்லா இருக்கு அத்தான்! ஒங்க அப்பாவா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?"

நான் நாற்காலியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா சேலை மாற்றி, சக்கர நாற்காலியைப் படி முனை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து மழையில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"எங்க?" என்றாள்.

"கொண்டாரல."

"அந்தக் கண்ணு இன்னும் அப்படித்தான் இருக்கா?"

"அப்படித்தான் இருக்கு."

படியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக் கைப்பிடிச் சுவருக்குப் போனாள்.

வண்டி வந்தது. தாத்தாவை மேலே கொண்டுவரலாம் என்றால் ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் திரும்பாது. நடுத்தெருவில் ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்து, நனையாமல் குடைகளைப் பிடித்தார்கள். மேலிருந்து பார்த்தால் வெறும் குடைகள்.

"கொடைய எடுங்கலே! முகம் தெரியலலே!" என்று அம்மா கத்தினாள்.

எடுத்தார்கள். தாத்தாவின் முகத்தில் மழை விழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து அரிசி கொண்டுவரச் சொன்னாள். பெரியவளே, நீதான் கொண்டுவந்து கொடுத்தாய். அதை வாளியில் போட்டு, காய்கறிக்கு இறக்குவது போலவே கப்பியில் இறக்கினாள். மாமா வாளியிலிருந்து அரிசியை அள்ளி, அவள் பார்க்கும்படி விலகி நின்று, தாத்தா வாயில் போட்டான். அவள் போட வேண்டிய வாய்க்கரிசி. வண்டி தெரு முனை திரும்பிய பிறகும் வாளி கீழேயே தொங்கியது. இழுக்க அவளுக்குக் கை வரவில்லை. நான்தான் இழுத்தேன்.

மாமா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கண்ணை ஏதாவது மறைத்தால் நாற்காலி நின்று கத்துகிற மாதிரி மாற்றினார்கள். சந்தனம் பூசி இறக்கிப் பார்ப்பதும் எங்கள் சோதனைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. வெல்டர் அண்ணாச்சிகூட, "ஆள் சாவான்னு எழுதிக்கோம்மா, எழுது" என்று தானாகவே சொல்லத் தொடங்கினார். வெளியூர்ச் சோதனைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய், கடைசியில் அனுமதி வந்தது. பட்டறையில் யாரோ மிட்டாய் வாங்கி வந்தார்கள். என்னால் ஒன்றுகூடத் தின்ன முடியவில்லை.

அந்த நாற்காலியில் அம்மா இறங்கிய அன்று வெயில். கண்ணை மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி வந்தாள். திருப்பத்தில் அவள் நகம் என் கையில் பதிந்தது. தெருவுக்கு வந்ததும், "குற்றாலம் போவோமா? தூரத்துல நின்னு அருவியப் பாத்துட்டு வருவோம்" என்று நான் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்பாவ எந்த எடத்துல வச்சிருந்தாங்க? இங்கனயா?"

"இங்கனதான்."

அங்கேயே நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். தரையைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, மேலே கைப்பிடிச் சுவரையும் தொங்குகிற வாளியையும் பார்த்தாள்.

"இவ்வளவு ஒசரத்துல இருந்தா நான் பாத்தேன்?" என்றாள். "போதும். மேல ஏத்துங்க."