மணி அடிக்கும் நேரம்

உலக யுத்த காலத்தில் நாங்கள் சிதம்பரம் கீழவீதியில் குடியிருந்தோம். என் மகள் மங்கைக்கு ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ஆட்டிசம் என்ற பெயரெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

கடலூரில் ஒரு மனநோய் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"எப்பம்மா கத்துறா?" என்று கேட்டார்.

கோயில் மணி ஆகாத பிள்ளை என்றால் பேய் பிடித்தது என்பார்கள். பயந்துபோய், "நேரங்காலமே இல்லீங்க, எப்பவும்தான்" என்று பொய் சொன்னேன். மூன்று வேளையும் கொடுக்கச் சொல்லி மருந்து தந்தார்.

மூன்றாம் நாளே வீடு அடங்கிவிட்டது. எனக்கு ஒரே நிம்மதி.

ஒரு மாதம் கழித்து, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த, காலேஜில் மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் வந்தார்.

"நான் டாக்டர் இல்லம்மா, மருந்து குடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கொழந்தைய பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கட்டுமா?" என்று கேட்டு, மங்கை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

சாயங்கால மணி அடித்தது. மங்கை சுருண்டு கிடந்தாள்.

"பாருங்க, கொணமாயிடுச்சி" என்றேன்.

அவர் அவளுடைய கைகளைக் காட்டினார். மருந்து மயக்கத்தில் பாதி தூரமே எழும்பிய இரண்டு கைகளும் காதைத் தேடி நடுங்கிக்கொண்டிருந்தன. வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"மணியப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?"

மறுநாளே கடலூர் போய் உண்மையைச் சொன்னேன். டாக்டர் மருந்தை நிறுத்தினார். மணி அடிக்கும் நேரத்தில் அவளை ஊருக்கு வெளியே கூட்டிப்போகும் வழக்கத்தை வாத்தியார் பழக்கிவிட்டார்.

ஆனால் அந்த ஒரு மாதமும், மணி அடித்தபோதெல்லாம் அவள் உள்ளுக்குள் அலறியிருக்கிறாள். மூன்று வேளையும் அவள் வாயைத் திறந்து மருந்தை ஊற்றியது என் கை.