என்னைத் திருடன் என்ற கார்

காளவாசல் சிக்னலில், காலை ஒன்பது மணிக்கு, ஹாரன் நிற்காமல் அலறும் காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அவமானம் என்றால் என்னவென்று முழுதாகத் தெரியும். ஹாரனை நான் அடிக்கவில்லை. அதுவாக அடித்தது. நான்கு கதவுகளும் படக்கென்று பூட்டிக்கொண்டன. பதற்றத்தில் வண்டியை அணைத்துவிட்டேன். மறுபடி கிளப்பினால் கிளம்பவில்லை. பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எறங்கித் தள்ளுய்யா! ஒக்காந்து வேடிக்கை பாக்குற!" என்று கத்தினார்.

இறங்கித் தள்ளுவது என்னால் முடியாத காரியம். மூன்று வயதில் வந்த போலியோ என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரண்டு இரும்புப் பட்டைகளும் தோல் வாரும் கொண்ட காலிப்பர் போட்டால்தான் நிற்க முடியும். நாற்பது வயது வரைக்கும் டவுன் பஸ் படிக்கட்டோடும் ஷேர் ஆட்டோவோடும் மல்லுக்கட்டியவன் நான். "பாத்து, பாத்து" என்று முன்பின் தெரியாதவர்கள் அக்குளைப் பிடித்துத் தூக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் முறைத்திருக்கிறேன்.

அந்தக் கார் வந்த பிறகுதான் அதெல்லாம் நின்றது. பழைய கார்தான். ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் கையால் இயக்க, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பி பொருத்தியிருந்தேன். கிளட்சுக்கு இடது கால் போதும். முதல் நாள் பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம் வரைக்கும் தனியாக ஓட்டிப் போய், எந்த வேலையும் இல்லாமல் திரும்பி வந்தேன். யாரும் என்னைத் தொடவில்லை. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே காளவாசலில் வண்டி நின்றபோது எனக்குப் பயம் ஹாரனைப் பற்றியது மட்டுமல்ல. வீட்டில் இதை வைத்தே காரைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் பெரிது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். டை கட்டிய ஒருவர் தாளை நீட்டினார். ஆங்கில எழுத்து ஒன்றும் நான்கு எண்களும். அதைக் 'கோடு' என்றார்கள், பழுதைச் சொல்லும் குறியீடு. கதவு, விளக்கு, ஹாரன், திருட்டு அலாரம் எல்லாவற்றையும் கவனிக்கும் சின்னப் பெட்டி ஒன்று டேஷ்போர்டுக்குள் இருக்கிறதாம். வண்டி ஓடும்போதே டிரைவர் கதவு திறந்துவிட்டதாக அந்தப் பெட்டிக்குச் செய்தி போகிறது. உடனே யாரோ திருட வந்துவிட்டான் என்று அது ஹாரனை அலறவிட்டு, கதவுகளைப் பூட்டி, அணைத்த எஞ்சினை மறுபடி கிளம்பவிடாமல் முடக்குகிறது. அதாவது என் கார் என்னையே திருடன் என்று நினைத்துக்கொண்டது. கதவு சுவிட்சை மாற்றினார்கள். பத்து நாள் கழித்து மறுபடி அலறியது. பெட்டியையே மாற்றினார்கள். அடுத்த வாரம் அதே காளவாசல், அதே அலறல். இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கேயும் அதே கோடுதான் வந்தது. அவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் வண்டி பரம சாதுவாக இருக்கும்.

"எதுக்கு மச்சான் இம்புட்டுச் சிரமம்? பேசாம வித்துருங்க," என்றான் என் மனைவியின் தம்பி. வாங்குவதற்கு அவனிடம் ஆள் தயாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே வீட்டுக்குக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டான். என் மனைவி அவனைத் தடுக்கவில்லை. ரோட்டின் நடுவில் பூட்டிக்கொண்ட காருக்குள் நான் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று பிறகு சொன்னாள். அவள் மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் தம்பி மேல் இரண்டு பங்கு கோபப்பட்டேன்.

எங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்தான் செல்லூர் எலெக்ட்ரீசியனைப் பற்றிச் சொன்னார். அந்த எலெக்ட்ரீசியனுக்கு என் வயதுதான் இருக்கும். சௌராஷ்டிரக்காரர். விசைத்தறிகளுக்கு மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், கார்களில் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியதும் சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்கி இந்தப் பக்கம் வந்துவிட்டார். சந்து முனையில் தகரக் கொட்டகை. பக்கத்துச் சுவருக்குப் பின்னால் தறிகள் ஓடுகிற சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

நான் கொண்டுபோன தாள்களை எல்லாம் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். மழை நாளா? வண்டியில் எத்தனை பேர்? மேடு பள்ளமா, நல்ல ரோடா? எந்த இடத்தில்? தாளைக் கொடுத்த யாரும் இதையெல்லாம் கேட்கவில்லை.

"கோடைத்தான் எல்லாரும் பாத்துட்டாங்களே," என்றேன் எரிச்சலாக.

"கோடு பொய் சொல்லாது சார். கதவு சுவிட்ச் லைன்ல தப்புன்னு சொல்லுது, அது நெசந்தேன். யாரு பண்ணுன தப்புன்னு அதுக்குத் தெரியாதுல்ல? அதை நம்மதேன் பாக்கணும்."

புதன்கிழமை வண்டியை விட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலை செல்போனில் கூப்பிட்டார். "மூணு நாளா ஊரெல்லாம் சுத்திட்டேன் சார். எங்கிட்ட ஒண்ணும் பண்ண மாட்டேங்குது. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலிலேயே, "எப்பவும் ஏறுற மாதிரி வண்டில ஏறுங்க," என்றார். ஏறினேன். முதலில் இடுப்பு, பிறகு இடது கால். கடைசியாக, பேண்ட்டைப் பிடித்து வலது காலைத் தூக்கி உள்ளே போட வேண்டும். போட்டேன். "எறங்கி இன்னொருக்கா ஏறுங்க." ஏறினேன். மூன்றாவது முறை கேட்டபோது எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

"என்ன, சர்க்கஸா காட்டுறேன் இங்க?"

அவர் முகம் மாறவில்லை. "கோவப்படாதீங்கண்ணே. நான் ஓட்டுனா வராதது நீங்க ஓட்டுனா வருது. அப்ப நான் செய்யாத எதையோ நீங்க செய்றீங்க. அதைத்தேன் தேடுறேன்." சார் போய் அண்ணே வந்துவிட்டதை அந்தக் கோபத்திலும் கவனித்தேன்.

ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். அதன் திரையில், கதவு மூடியிருக்கிறது என்ற வரி அசையாமல் நின்றது. வைகைக் கரை ரோட்டில் நேராகப் போகும்போது ஒன்றுமில்லை. வலதுபக்கம் திருப்பச் சொன்னார். ஒன்றுமில்லை. இடதுபக்கம் ஒடித்துத் திருப்பியபோது அந்த வரி மாறியது. கதவு திறந்திருக்கிறதாம்! கதவு கெட்டியாக மூடித்தான் இருந்தது. ஹாரன் அலற ஆரம்பித்தது. பயந்துபோய் அவரைப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பைப் பரீட்சை ரிசல்ட் பார்க்கும் பிள்ளைகள் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி இடப்பக்கம் திரும்பினால் உடம்பு வலப்பக்கம் சாயும். மற்றவர்கள் காலை ஊன்றிக்கொள்வார்கள். என் காலுக்கு அந்தச் சக்தி கிடையாது. அது அப்படியே சரிந்து, காலிப்பரின் இரும்போடு கதவோரத்துப் பிளாஸ்டிக் தட்டில் போய் மோதும். தினமும் காளவாசலில் இடதுபக்கம் திரும்பித்தான் வேலைக்குப் போனேன். மோதல் பலமாக விழுந்த நாட்களில் மட்டும் கார் அலறியிருக்கிறது.

கொட்டகைக்குத் திரும்பியதும் அந்தத் தட்டைக் கழற்றினார். உள்ளே வயர்க் கட்டு ஒரு தகரத்தின் விளிம்பை ஒட்டிப் போயிருந்தது. ஒரு வயரின் மேல்தோல் ஒரு நகக்கண் அளவுக்குத் தேய்ந்து செம்பு தெரிந்தது. கதவு திறந்தால் அந்த வயர் சுவிட்ச் வழியாக வண்டியின் இரும்பு உடம்போடு சேரும். அதுதான் பெட்டிக்குப் போகிற செய்தி. என் கால் மோதி மோதி, கதவு திறக்காமலேயே அதைத் தகரத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டிருந்தது.

பெரிய பெரிய ஒர்க்‌ஷாப்புகள் கைவிட்டதை இந்த மனிதர் கண்டுபிடித்துவிட்டாரே என்று மெச்சத்தான் வேண்டும். எனக்கோ முதலில் உடம்பு குன்றிப்போனது. கடைசியில் குற்றவாளி என் கால். மச்சினன் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

"சரி, இனிமே காலை வேற மாதிரி வச்சுப் பழகிக்கிறேன்," என்றேன்.

அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்தார். "நீங்க எதுக்குண்ணே மாத்தணும்? நீங்க எப்பவும் போல ஏறுங்க, எப்பவும் போல ஒக்காருங்க. வயரத்தேன் மாத்தணும்."

அதைச் சாதாரணமாகச் சொன்னார். அடுத்த நிமிடம் கொட்டகைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுப் பக்கம் திரும்பி, சௌராஷ்டிர மொழியில் காபி கேட்டார். படிக்கட்டு, பெஞ்சு, வரிசை, எல்லாவற்றுக்கும் நான்தான் வளைந்து கொடுக்க வேண்டும் என்று பழகியிருந்தேன். என் காலுக்காக ஒரு பொருளை நகர்த்தி வைக்கிறேன் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வயர்க் கட்டை மேலே தூக்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் வேறு வழியாகக் கொண்டுபோனார். விசைத்தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் தோல்பட்டையில் ஒரு துண்டை வெட்டி, இரும்பு மோதுகிற இடத்தில் ஒட்டினார். முடிந்ததும் ஏறச் சொன்னார். பக்குவமாகக் காலைத் தூக்கி மெதுவாக வைத்தேன்.

"அப்பிடி வேணாம்ணே. தெனமும் எப்பிடிப் போடுவீங்க?"

தொப்பென்று போட்டேன். திரை அசையவில்லை. காளவாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். சிக்னலில் வேண்டுமென்றே சுற்றி வந்து, வண்டியை இரண்டு முறை இடதுபக்கம் ஒடித்துத் திருப்பிப் பார்த்தேன்.

மறுநாள் மச்சினன் ஆளோடு வந்தான். விற்பதாக இல்லை என்றேன். வந்தவர் சங்கடமாக நெளிந்தார்.

"அப்ப என்னதான் கம்ப்ளெய்ன்ட்டாம் மச்சான்?"

ஏதோ ஒரு வயர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யார் முன்னாலும் காலைப் பற்றிப் பேசும் வழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு ஏனோ காலிப்பரைத் தட்டிக் காட்டினேன்.

"என் காலு போற வழியில ஒரு வயரு இருந்துச்சு மாப்ள. அதைத் தள்ளி வச்சாச்சு."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வந்தவருக்குக் காபி கொண்டுவர உள்ளே போனாள்.