அம்மாவின் புள்ளி தண்ணீருக்குள்

சர்ச் தோழிகளோடு அம்மா கொச்சி பார்க்கப் போயிருக்கிறார். கிளம்பும் முன் எங்கள் இருவர் போனிலும் லொகேஷன் ஷேர் போட்டுவிட்டது நான்தான்.

இன்று இங்கே சிங்கப்பூரில், தேக்கா மார்க்கெட்டில் கொடுவா மீன் வாங்கும்போது போனைப் பார்த்தேன். அம்மாவின் புள்ளி கரையை விட்டு விலகி, நடுத்தண்ணீரில் நின்றது. அழைத்தேன். எடுக்கவில்லை.

"வெட்டவா, வேணாமா?" என்றார் மீன்கடை அண்ணன்.

"அண்ணே, எங்கம்மா தண்ணிக்குள்ள இருக்காங்க."

போனை எட்டிப் பார்த்தார். "ஃபெரில போறாங்க லா."

"ஃபெரின்னா நகரணும்ல?"

அவர் மீனை வெட்டத் தொடங்கினார்.

மீன் பையோடு அங்கேயே நின்றேன். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். திரும்பத் திரும்ப அழைத்தேன்.

கடைசியில் அம்மாவே அழைத்தார்.

"ஏண்டி, உனக்கு என்ன ஆச்சு? ஃபெரி ஏறும்போதும் தேக்கால இருந்த. நடுவுல லைனே இல்ல. இறங்கிப் பாத்தா இன்னும் அங்கேயே நிக்குற. மயக்கம் கியக்கம் வந்துருச்சோன்னு இங்க எல்லாரும் ஜெபமாலை சொல்லிட்டு இருக்கோம்."

அவ்வளவு தூரம் கொச்சிக்குப் போய் அம்மா பார்த்துக்கொண்டிருப்பது தேக்காவைத்தான்.

உங்கள் வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?