சாதிக் பாயின் கிளாரினெட்டும் எங்கள் குடியிருப்பின் அமைதியும்

சாதிக் பாய் போய்விட்டார் என்ற செய்தியை எங்கள் படூர் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில்தான் பார்த்தேன். திருப்போரூரில் தன் கடையில் உட்கார்ந்திருந்தபோதே மாரடைப்பு. கிளாரினெட்டோடு அவர் சிரிக்கும் படத்தைப் போட்டு, 'நம் இசைக்கலைஞர்' என்று எழுதியிருந்தார் சங்கத் தலைவர். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவர் கலைஞர் இல்லை. பெயிண்ட் கடைக்காரர். என்னைப் போலவே ஐம்பதைத் தாண்டிய பிறகு கிளாரினெட் கற்றுக்கொள்ள வந்தவர். சொல்லிக்கொடுத்த ஜெனி டீச்சருக்கு எங்கள் பிள்ளைகளின் வயது. ஆரம்பத்தில் எங்கள் இருவருக்கும் கீச்சுச் சத்தம்தான் வந்தது. "இன்னா மேடம், வாத்து வளக்குறீங்களா?" என்று என்னைக் கேலி செய்வார். அவர் வாசிப்பு அதைவிட மோசம்.

முன்பின் பார்க்காத இசை நோட்ஸைப் பார்த்தவுடன் வாசிப்பது எனக்கு வரவே இல்லை. ஒரு சுரம் தப்பினாலும் நின்று, முதலிலிருந்து ஆரம்பிப்பேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து வந்த புத்தி. பாய் காலால் தரையைத் தட்டிக்கொண்டே கத்துவார்: "தப்பா வந்தா வுடுங்க மேடம்! திரும்பிப் போவாதீங்க. பக்கத்துல ஒருத்தன் வாசிச்சிகினு கீறான் இல்ல, அவன்கூடப் போங்க." இருவர் சேர்ந்து வாசிக்கும் சின்ன இசை ஒன்றை டீச்சர் தந்திருந்தார். அவர் முதல் கிளாரினெட், நான் இரண்டாவது. நிற்காமல் கடைசிவரை சேர்ந்து வாசித்துவிட வேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான்.

அதற்கும் விடவில்லை. மாலை ஆறு மணிக்குத் தன் வீட்டில் அரைமணி நேரம்தான் பாய் வாசிப்பார். தலைவர் ஆட்களோடு வந்து அவர் கதவைத் தட்டினார். "இந்த வயசுல இன்னா பாய் இதெல்லாம்? கல்யாண பேண்டுல சேரப் போறியா? எங்களுக்கு அமைதி வேணும்." பிறந்தநாள் என்றால் விடிய விடிய ஸ்பீக்கர் அலறும் குடியிருப்பு இது. சண்டை போடுங்கள் பாய் என்றேன். "அக்கம்பக்கம் மேடம், இன்னாத்துக்கு பேஜாரு" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு மாமல்லபுரம் சாலையில் சவுக்குத் தோப்போரம் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே வாசித்தார். அந்தப் பெருந்தன்மையின் மீதும் எனக்குக் கோபம்தான். டீச்சர் தந்த அந்த இசையை நாங்கள் ஒருமுறைகூட முழுதாக வாசிக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் என்னை வாசிக்கச் சொன்னவரும் அதே தலைவர்தான். வெட்கம் என்று ஒன்று கிடையாதா இவர்களுக்கு? ஆனாலும் போனேன். அந்த இசையில் முதல் இரண்டு வரிகள் பாயுடையவை. இரண்டாவது கிளாரினெட் காத்திருக்க வேண்டும். கருவியை மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். கூட்டம் நெளிந்தது.

"ஆரம்பிங்க மேடம்" என்றார் தலைவர்.

"ஆரம்பிச்சாச்சு. இது பாய் வாசிக்கிற இடம். நீங்க கேட்ட அமைதிதான் இது. நல்லாக் கேளுங்க."

பிறகு என் பகுதியை வாசித்தேன். உடனேயே சுரம் தப்பியது. நான் திரும்பிப் போகவில்லை. கடைசிவரை போனேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மாலை ஆறு மணியைத்தான். தினமும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வாசிக்கிறேன். இப்போது என் கதவைத் தட்டிப் பார்க்கட்டும்.